முதல் க்ளெய்ம்

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. தங்கச்சிமடம் கரையெங்கும் போட்டுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினைப் பிரித்துப் போட்டவன் பூட்டிக்கொண்டிருந்தான், மடிவலை கிழிந்தவன் அதைப் பொத்திக்கொண்டிருந்தான். ஊருக்கே கை நிறைய வேலை. ஆஸ்லின் மட்டும் வீட்டு முன்னறையில் மின்விசிறிக்கு அடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்து ஒரே ஒரு பத்தியை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அதே பத்திதான். கண்ணை மூடினாலும் அதன் காற்புள்ளிகள் தெரிந்தன.

அவள் வேலை அப்படி. சென்னையில் காப்புரிமை பார்க்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஒருவர் புதிதாக ஒரு பொருளைச் செய்து விற்கப் போகிறார் என்றால், அந்தப் பொருள் ஏற்கெனவே வேறு எவனோ வாங்கி வைத்திருக்கும் காப்புரிமைக்குள் காலை வைக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம். கடைசிப் பக்கத்தில் இதில் ஏதாவது ஒரு வார்த்தை வரும். காதில் செருகுகிற ஸ்பீக்கர், பேசுகிற கடிகாரம் என்று எவ்வளவோ பார்த்துவிட்டாள். ‘அதிகம்’ என்று எழுதிவிட்டு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள், நன்றாகத் தூங்கியிருக்கிறாள். அதெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்களின் பொருள். இது தம்பி செய்தது.

தம்பி சகாயவினோத் பாலிடெக்னிக் முடித்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடலுக்குப் போகாத முதல் ஆண்பிள்ளை அந்த வீட்டில் அவன்தான். ஆனால் கடையில் அவன் செய்துகொண்டிருந்ததெல்லாம் கடலுக்கு உண்டான வேலை.

விசைப்படகில் எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. டிரைவர் கேபினுக்குள் முன்னால் பார்த்து நிற்பார். பின்னால் வின்ச் என்ற உருளையில் இரும்பு ரோப்பு சுற்றச் சுற்ற மடி ஏறி வரும். அங்கே எவன் சட்டையையாவது ரோப்பு கவ்விவிட்டால் ஒரே வழி, டிரைவர் கிளட்சை விடுவிக்க வேண்டும். அவருக்குக் கேட்டால்தானே. மடி இழுக்க நின்ற ஆன்டனி ராஜின் வலது கை அப்படித்தான் வின்ச்சுக்குள் போனது. அன்றைக்கு கேபினில் நின்ற டிரைவர் சவேரியார், ஆஸ்லினுக்கும் வினோத்துக்கும் அய்யா, பெற்ற அப்பா. அவர் திரும்பிப் பார்த்தபோது முழங்கை வரைக்கும் போயிருந்தது. ஆன்டனி ராஜ் இப்போது படகு கட்டும் ஜெட்டியில் ஐஸ் பெட்டிகளுக்குக் காவல் இருக்கிறான். சவேரியார் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு வாயில் எடுத்ததில்லை.

எடுத்தவன் வினோத். காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் உட்காருகிற மாதிரி ஒரு சின்ன செட் செய்தான். காதை அடைக்காது, தண்ணீர் பட்டாலும் கெடாது. அதெல்லாம் பெரிய காரியமில்லை, கடையில் காசு கொடுத்தால் கிடைக்கும். அவன் செய்த காரியம் வேறு. எஞ்சின் படுக்கையில் ஒரு சின்ன டப்பாவை முறுக்கி வைத்தான். எஞ்சின் எப்படி அதிர்கிறதோ அதை அந்த டப்பா அப்படியே பிடித்து, கம்பியில்லாமல் தலையில் இருக்கிற செட்டுக்கு அனுப்பும். செட் அந்த அதிர்வை மொத்தச் சத்தத்திலிருந்து கழித்துவிடும். மிச்சம் இருப்பது மனிதன் குரல் மட்டும். “நிறுத்து” என்று பின்னால் செட் மாட்டியிருப்பவன் சாதாரணமாகச் சொன்னால் போதும், கேபினில் செட் மாட்டியிருப்பவருக்குத் தோளில் தட்டிச் சொன்ன மாதிரி கேட்கும்.

கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்குப் பேனல் செய்யும் குழந்தைவேலு என்பவர் யார் மூலமோ கேள்விப்பட்டு ஜெட்டிக்கே வந்தார். இரண்டு போட்டுகளில் வினோத் மாட்டியிருந்ததைத் தலையில் போட்டுப் பார்த்தார். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, வின்ச் பக்கம் ஒருவனை நிறுத்தித் தன் பெயரைச் சொல்லச் சொன்னார். கேட்டதும் சிரித்துவிட்டார். போட்டுக்காரர்கள் எல்லோரும் வாங்கிக்கொள்வதாகத் தலையாட்டினார்கள். தடைக்காலம் முடிவதற்குள் முதல் சரக்கு இறங்க வேண்டும் என்று பேச்சு. ஒரே ஒரு நிபந்தனை.

“தம்பி, பொருள் அருமையா இருக்குதுங்க. ஆனா நாளைக்கு எவனாச்சும் கேஸைப் போட்டு என்ற மெஷினுக்கு சீல் வெச்சுட்டான்னா நான் தெருவுலதான் நிக்கோணும். காப்புரிமை ரிப்போர்ட் ஒண்ணு வேணுங்க. உங்க அக்காவே அந்த வேலைதானாமே, அவங்களே எழுதட்டும். எங்க வக்கீல் சரிபார்த்துக்குவாரு.”

ஆஸ்லின் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். அன்றைக்கே அந்தப் பத்தி அகப்பட்டது.

ஒரு வெளிநாட்டு நிறுவனம். தொழிற்சாலைகளில் பெரிய பெரிய மெஷின்களுக்கு நடுவே வேலை செய்பவர்களுக்காக என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவிலும் காப்புரிமை கிடைத்துவிட்டது. இது எங்களுக்கே உரியது என்று காப்புரிமையில் கோரும் பத்திக்கு க்ளெய்ம் என்று பெயர்; முதல் க்ளெய்ம் இப்படிப் போனது: சத்தம் எழுப்பும் இயந்திரத்தின் உடலில் பொருத்திய ஓர் உணரி, அது பிடிக்கும் அதிர்வைக் கம்பியில்லாமல் அனுப்பும் பகுதி, தலையில் அணியும் கருவி, அந்தக் கருவிக்குள் அதிர்வைக் கழித்துவிட்டுக் குரலை எலும்பு வழியாகக் கொடுக்கும் பகுதி.

நான்கு துண்டு. நான்கும் இருந்தால் மாட்டிக்கொண்டோம், ஒன்று இல்லையென்றால் தப்பித்தோம். அதுதான் கணக்கு. தம்பியின் செட்டில் நான்கும் இருந்தன. யாரோ அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து எழுதிய மாதிரி இருந்தன. ஆனால் அவர்கள் திருடவில்லை. தங்கச்சிமடம் என்று ஒரு ஊர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் எவனுக்கோ கேட்காமல் போய், அவர்களும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். திருடியிருந்தால் திட்டவாவது செய்யலாம்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்த வினோத் வாசலில் செருப்பை உதறினான்.

“என்னக்கா, இன்னும் அந்த வெள்ளக்காரனையே மொறச்சுக்கிட்டு இருக்க? கல்யாணம் பேசிரவா?”

“போடா. நீ கேட்டியே வயர் போட்டா என்னன்னு, பாத்துட்டேன்.”

“என்ன?”

“எஞ்சின்லருந்து கேபினுக்கு வயர்ல கொண்டு போற. சரி. கேபின்லருந்து வின்ச்சுல நிக்கிறவன் தலைக்கு எப்படிக் கொண்டு போவ?”

“அங்கனருந்து வயர்லெஸ்தான். அவன் தலையில வயரக் கட்டுனா ரோப்போட சேந்து அதும் சுத்தும்.”

“அதத்தான் ஏழாவது க்ளெய்ம்ல எழுதி வச்சிருக்கான். நடுவுல ஒரு பெட்டி வச்சு அனுப்புனாலும் அவனுதுதான்.”

வினோத் தரையில் உட்கார்ந்தான். “அந்த டப்பாவே வேணாம்னு தூக்கிட்டா?”

“தூக்கிட்டா கேக்குமா?”

கேட்காது என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். டப்பா இல்லாமல் முதலில் அவன் செய்து பார்த்தபோது எஞ்சின் இடிப்பு மட்டும்தான் காதில் கேட்டது. டப்பாவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திருவிழாக் கடையில் விற்கிற பொம்மை.

பழைய காப்புரிமைகளையும் ஆஸ்லின் விட்டுவைக்கவில்லை. இதே யோசனையை அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு முன்னால் எவனாவது சொல்லியிருந்தால் அவர்களுடைய காப்புரிமையை உடைக்கலாம். சுரங்கத் தொழிலாளிக்கு ஜப்பான்காரன் ஒருவன் செய்திருந்தான். கிட்டத்தட்ட இதுதான், ஆனால் எல்லாம் கம்பி, எலும்புக்கும் வேலை இல்லை. அதை வைத்து நல்ல வக்கீல் பல வருஷம் வாதாடலாம். குழந்தைவேலு வாதாடுகிற ஆள் இல்லை. உரிமத்துக்கு விலை கேட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதியும் பார்த்தாள். இந்தச் சந்தையில் எங்களுக்கு ஆர்வம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவள் இன்று காலையில்தான் கவனித்தாள்.

“வினோத்து, நீ மொதல் செட்ட அய்யா ஓட்டுன பழைய போட்டுல எப்ப மாட்டுன?”

“அது எதுக்கு இப்ப? கிறிஸ்மஸ் முடிஞ்சு. கொரோனா கொஞ்சம் அடங்கியிருந்துச்சே, அப்ப.”

“இந்த வெள்ளக்காரன் விண்ணப்பம் போட்டது அதுக்கு அடுத்த ஆகஸ்ட்டுல.”

வினோத் நிமிர்ந்து பார்த்தான்.

“அவனுக்கு முன்னாடியே நாலு பேரு பாக்க அத போட்டுல வச்சு ஓட்டிருக்கோம்னு காட்டிட்டா, அவன் காப்புரிமை நிக்காதுலே. நீ வீட்டுக்குள்ள வரஞ்சு வச்சிருந்த படமெல்லாம் செல்லாது. வெளிய, கண்ணு முன்னால பயன்படுத்தியிருக்கணும். நாம பயன்படுத்தியிருக்கோம்.”

“ஜெட்டியில பாதிப் பேரு பாத்திருக்கான்க்கா.”

“அவங்க பாத்தது தலையில மாட்டுறத. எஞ்சின்ல இருந்த டப்பாவப் பாத்தது யாரு?”

“அய்யாவும் போட்டுல போன ஆளுகளும்தான்.” சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. அந்தப் போட்டு இப்போது இல்லை. மாட்டிய இரண்டாம் மாதமே எல்லை தாண்டியதாக அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. ஆட்கள் திரும்பி வந்தார்கள், போட்டு வரவில்லை. அங்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் தண்ணீர் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று கேள்வி.

“போட்டு போனா போகுது. செட்டு? அதப் பறிமுதல் பண்ணோம்னு அவங்க கணக்குல இருந்தாக்கூடப் போதும்,” என்றாள் ஆஸ்லின். அவள் அப்போது சென்னையில் இருந்தாள். என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது. வினோத்துக்கும் அய்யாவிடம் துருவிக் கேட்க மனம் வந்ததில்லை. ஜெயிலிலிருந்து வந்த மனிதரிடம் என் செட் எங்கே என்றா கேட்பது?

சவேரியார் கரையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா மிக்கேலம்மாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள்.

“அய்யா,” என்றாள் ஆஸ்லின். “அங்க புடிச்சாங்களே, அப்ப வினோத்து மாட்டுன செட்டு போட்டுல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அவங்க எடுத்துக்கிட்டாங்களா?”

“எடுக்க விடுவேனா?” சவேரியாரின் முகத்தில் மெல்லிய பெருமை ஓடியது. “லைட்டு தெரிஞ்ச ஒடனே அம்புட்டையும் கடல்ல போட்டுட்டேன்ல. ஜிபிஎஸ்ஸு, வயர்லெஸ்ஸு, இவன் செட்டு, எல்லாம். எஞ்சின்ல ஒரு டப்பாவ முறுக்கி வச்சிருந்தான். அது கழல மாட்டேன்னுருச்சு. சுத்தியலால ஒரே போடு. நல்லாத்தான் முறுக்கியிருந்தான் கழுத.”

இந்தக் கரையில் அது பழக்கம். தூரத்தில் அவர்களுடைய விளக்கு தெரிந்தால் கை தானாக வேலை செய்யும். போட்டில் எத்தனை கருவி இருக்கிறதோ அத்தனை கேள்வி; கேள்விக்கு ஏற்ற மாதிரி ஜெயில். டிரைவருக்கு இரண்டு பங்கு. வெறும் போட்டாக அகப்பட்டால் வழி தவறி வந்துவிட்டோம் என்று சொல்லலாம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, முதல் தடவை போகிறவனும் மற்றவர்களைப் பார்த்துக் கடலில் போடுவான்.

“வீடியோ எடுத்திருந்தாங்களே அய்யா, பசங்க போன்ல?” என்றான் வினோத்.

“எல்லாத்தையும் அழிங்கடான்னேன். ஒருத்தன் பயத்துல போனையே போட்டுட்டான்.” சவேரியார் சோற்றைப் பிசைந்தார். “ஏன், என்ன இப்ப?”

ஆஸ்லின் சொன்னாள். அவருக்குப் புரிகிற மாதிரி, சுற்றி வளைக்காமல். அவர் கேட்டுக்கொண்டே இரண்டு வாய் சாப்பிட்டார்.

“இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? நான் ஒருத்தன் உசுரோடதான இருக்கேன். நான் வந்து சொல்றேன். பைபிள் மேல கைய வச்சுச் சொல்றேன், எம் மகன் செஞ்ச செட்டு எம் போட்டுல ஓடுச்சுன்னு.”

“எழுதிக் கொடுக்கணும் அய்யா. எதிர்த் தரப்பு வக்கீல் கேள்வி கேப்பாரு.”

“கேக்கட்டும். எத்தன வக்கீலப் பாத்திருக்கேன் அங்கன.”

“இப்ப நான்தான் அந்த வக்கீலுன்னு வைங்க.” ஆஸ்லின் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். “சவேரியார், நீங்க சொல்ற நாள்ல அந்தப் போட்டுல இந்தக் கருவி இருந்துச்சா?”

“பேரச் சொல்லிக் கூப்புடுது பாருடி ஓம் மக,” என்று மிக்கேலம்மாளைப் பார்த்துச் சிரித்தார். “இருந்துச்சுங்க வக்கீலம்மா.”

“அந்தப் போட்டு இப்ப எங்க?”

“அங்கன.”

“உங்களப் புடிச்சு அங்க கோர்ட்டுல நிப்பாட்டுனாங்களா?”

“நிப்பாட்டுனாங்க.”

“போட்டுல என்னென்ன கருவி இருந்துச்சுன்னு கேட்டாங்களா?”

சவேரியாரின் கை தட்டில் நின்றது.

“கேட்டாங்களா அய்யா?”

“கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் இல்லன்னேன். திசை காட்டுறதுக்குக்கூட ஒண்ணுமில்ல, அதான் வழி தப்பி வந்துட்டோம்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

“சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான கேட்டாங்க?”

“ஆமா.”

“கூடப் போனவங்க?”

“எல்லாரும் அதத்தான் சொன்னோம். பேசி வச்சுத்தான் சொன்னோம்.”

ஆஸ்லின் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், தன் சாட்சி செல்லாது என்பதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். “அப்ப அங்க சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யி. அங்க பொய் சொன்னவரு, இங்க மகனுக்காகச் சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புறது?”

“ஏன்டி, சாப்புடுற மனுசன்கிட்ட என்ன கேள்வி இது?” என்றாள் மிக்கேலம்மாள்.

சவேரியார் கையைக் கழுவவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சோற்றில் விரலை வைத்தபடியே சொன்னார்: “பொய் சொன்னதுனாலதான் வீட்டுக்கு வந்தேன் தாயி.”

“தெரியும் அய்யா. அதுவுமில்லாம நீங்க எழுதிக் கொடுத்தா அது யாரு வேணும்னாலும் எடுத்துப் படிக்கிற காகிதம். ஒங்கள விட்டதே, இன்னொரு வாட்டி வந்தா பழைய தண்டனையும் சேத்து உள்ள இருக்கணும்னுதான். நீங்க இன்னமும் அதே கடலுக்குத்தான் போறீங்க. மறுபடி புடிச்சா இந்தக் காகிதத்த எடுத்து முன்னால வைப்பாங்க.”

“புடிச்சாத்தானே.”

அவரே தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வினோத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அய்யாவ விட்டுரு,” என்றான். “நடுத்தரம்னு எழுது. பொய்யா எழுத வேணாம், நடுத்தரம்னு மட்டும் எழுது. அந்த ஜப்பான்காரன் இருக்கான்ல, அவனக் காட்டு. வாதாடலாம்னு நீதான சொன்ன?”

“அவரு வக்கீல் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிருவாருலே. நாலும் பொருந்துது. கண்ண மூடிக்கிட்டுப் படிச்சாலும் பொருந்துது.”

“கண்டுபிடிக்கலன்னா?”

“கண்டுபிடிக்கலன்னா அவரு ஆயிரக்கணக்குல செய்வாரு. கேஸ் வரும். அவரு பட்டறையப் பூட்டுவாங்க. அவருகிட்ட இருபது பொம்பளைங்க வேல பாக்குதுங்க.”

“அங்க பட்டற போகும். இங்கன கை போகுதே, அதுக்கு எந்தப் பக்கத்துல எழுதுவ?”

அதற்கென்று ஒரு பக்கம் இல்லை. எந்த அறிக்கையிலும் அவள் அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை. க்ளெய்மில் இருப்பது பொருளில் இருக்கிறதா, இல்லையா. அது எதற்குப் பயன்படுகிறது, இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்கிற இடமே கிடையாது.

“நீ எந்தக் கட்சிக்கா?” என்று கேட்டுவிட்டு வினோத் எழுந்து போனான்.

சாயங்காலத்துக்குள் அவள் அறிக்கையை முடித்தாள். நான்கு துண்டுகளையும் இடப்பக்கம் எழுதி, தம்பியின் செட்டில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று வலப்பக்கம் எழுதினாள். அவன் தூங்காமல் உட்கார்ந்து கண்டுபிடித்தது ஒவ்வொன்றும் அவனுக்கு எதிரான ஒரு வரியாக விழுந்தது. முந்தைய பயன்பாடு என்ற தலைப்பின் கீழ், ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினாள். ஆபத்து: அதிகம். அனுப்பினாள்.

மறுநாள் குழந்தைவேலு கூப்பிட்டார். நல்ல மனிதர். சுற்றிச் சுற்றித்தான் பேசினார்.

“வருத்தமாத்தானுங்க இருக்குது. உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு நன்றி. இன்னொண்ணுங்க அம்மிணி. போட்டுல மாட்டியிருக்கறதையும் கழட்டிரச் சொல்லுங்க. நாங்க வந்து பாத்தது நாலு பேத்துக்குத் தெரியும்.”

வினோத் ஜெட்டிக்குப் போய் இரண்டு போட்டிலும் கழற்றினான். ஆஸ்லினும் கூடப் போனாள். எஞ்சின் அறைக்குள் குனிந்து அவன் ஸ்பேனரைப் போடும்போது ஆன்டனி ராஜ் ஐஸ் பெட்டியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

“எதுக்குடா கழட்டுற?”

“செய்யக் கூடாதாம்ண்ணே. வேற ஒரு கம்பெனி உரிமை வாங்கி வச்சிருக்கான்.”

“அவங்க இங்கன வந்து விக்கப் போறாங்களா?”

“இல்ல. இங்க விக்கிற ஆர்வம் இல்லையாம்.”

ஆன்டனி ராஜ் கொஞ்சம் யோசித்தான். “அப்ப அவங்களும் தர மாட்டாங்க. நம்மளும் செஞ்சுக்கக் கூடாது.”

“ஆமா.”

“சரித்தான்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் துப்பினான். பிறகு இடது கையால் டார்ச்சை எடுத்து, வினோத்துக்கு நட்டு தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டான்.

கடையை வினோத் ஒரு வாரம் திறக்கவில்லை. ஆறு மாதமாக ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு இதையே செய்ததில் வாடிக்கை எல்லாம் பாம்பன் பக்கம் போயிருந்தது. சவேரியார் ஓட்டுகிற போட்டில் ஒரு ஆள் கேரளாவுக்குப் போய்விட்டான். முதலாளி ஆள் கேட்டார். வினோத்தே போய்த் தான் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தான். சவேரியாருக்கு முதலாளி சொல்லித்தான் தெரியும். வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. மிக்கேலம்மாள் மட்டும் அழுதாள். அழுதுகொண்டே தண்ணீர் கேன்களை அலசினாள்.

கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிற நாளன்று விடிந்ததும் ஜெட்டிக்குப் போகிற வேன் தெருமுனையில் வந்து நின்றது. ஆஸ்லின் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அறிக்கைக்குப் பிறகு வினோத் அவளோடு பேசவே இல்லை. அவன் கட்டியிருந்த கைலி அய்யாவுடையது.

“வினோத்து,” என்றாள். “வின்ச் பக்கம் நிக்காத.”

அவன் வாளியை வாங்கி வேனுக்குள் வைத்தான். கோபம் இல்லாமல்தான் சொன்னான்.

“ஆள் கொறவு அங்கனதான்க்கா.”

சவேரியார் அதைக் கேட்டார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துச் சாத்தினார்.